நாலு வரிக்குக் கீழே

— அவ்வளவுதானாம் ரெம்யா. அதுக்கு மேல ஒண்ணும் இல்லையாம்.

— எதுக்கு மேல? தாசம்மாக்கா, முதல்ல இருங்க. பொன்முடி பஸ்ஸுல நின்னுட்டா வந்திய? இப்பிடி மூச்சு வாங்குது.

— பஸ்ஸுல இருந்து எறங்கினது காலம்பற. இப்ப டிஸ்பென்சரி விசாரணை நடக்க ஆபீஸ்ல இருந்து ஓட்டமா வாரேன். இந்தச் சாலைக் கடைத்தெருவுல மொளகா மூட்டை வண்டி குறுக்க நின்னுக்கிட்டு வழியே விட மாட்டேங்கான். இந்தா, இந்தத் தாளைப் பாரு. நீ அடிச்சதுதானே?

— நான் அடிச்சதுதான். ஃபாரமும் எனக்க கையால வரைஞ்சதுதான். பேரு, வயசு, தேயிலைத் தோட்டத்து லய வீட்டு நம்பரு, வேலைக்குச் சேந்த வருசம், அதுக்குக் கீழ பெரிய கட்டத்துல குறை, அடியில ஒப்பு. எல்லாம் செரியாத்தானே இருக்கு?

— அந்தப் பெரிய கட்டத்தை வாசி.

— "கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு, அடியாள் தாசம்மாள் தாழ்மையோடு எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையாலும் தங்கள் மேலான தயவாலும் நானும் என் பிள்ளைகளும் லயத்திலுள்ள யாவரும் சுகமாயிருக்கிறோம். அங்கு தங்களுடைய சுகத்தையும் தங்கள் குடும்பத்தாருடைய சுகத்தையும் அறிய..."

— ம். அறிய?

— அறிய... மிச்சத்தைக் காணல்லியே அக்கா.

— காணலைல்லா? அதைத்தான் நானும் கேக்கேன். அன்னைக்கு உன் கடையில இதே ஸ்டூல்ல உக்காந்து, நீ எலுமிச்சங்கா பிழிஞ்ச நாரங்காவெள்ளம் வாங்கிக் குடுத்து, குடிச்சுக் குடிச்சுச் சொன்னேனே பிள்ள. டிஸ்பென்சரி பூட்டினது, கம்பவுண்டரைத் தூக்கினது, எம் மவ லீலாபாயி பட்ட பாடு... அதெல்லாம் எங்க போச்சு?

— நான் ஒரு எழுத்து விடாம அடிச்சேன். சத்தியமா. அங்க என்ன நடந்துது, அதைச் சொல்லுங்க.

— ஆபீசரு நடுவுல இருக்காரு. கம்பெனி வக்கீலு ஒரு பக்கம். தமிழ் தெரிஞ்ச சாரு ஒருத்தரு எந்திரிச்சு எந் தாளை வாசிச்சாரு, மலையாளத்துல சொன்னாரு, கீழ வச்சுட்டாரு. "பெறவு?"ன்னேன். "பெறவு ஒண்ணும் இல்லம்மா"ங்காரு. ஆபீசரு என்னையப் பாத்துச் சிரிச்சாரு. நல்ல மனுசன்தான், குத்தம் சொல்லப்படாது. "சுகம்தானே?"ன்னு கேட்டாரு.

— நீங்க என்ன சொன்னிய?

— என்னத்தச் சொல்ல. பெரிய மனுசன் சுகமான்னு கேட்டா வாய் தன்னால சொல்லிருதே. "சுகம் ஐயா"ன்னுட்டேன்.

— அய்யோ அக்கா!

— சொன்ன வாயை அந்த எடத்துலயே கிழிச்சிக்கிடணும்போல இருந்துச்சு. எனக்குப் பொறவாலே முத்தாரம்மா தாளு. அதுவும் சுகம். மாடம்மா தாளு. அதுவும் சுகம். எங்க லயத்துல இருந்து எறங்கி வந்த அத்தனை பொம்பளையும் வரிசையாச் சுகமா இருக்கோம்! கடைசியில ஆபீசரு சொல்லிட்டாரு. சோத்துக்கு அப்புறம் ஒருதரம் கூடுமாம். வேற சொல்லணும்னா இதே ஃபாரத்துல, அடிச்சு, ஒப்புப் போட்டுக் கொண்டாங்கன்னாரு. இல்லைன்னா டிஸ்பென்சரி வேண்டாம்னு எழுதி இன்னைக்கே விசாரணையை மூடிருவாராம்.

— இருங்க, இருங்க. உங்களுக்க தாளுதான் முதல்ல அடிச்சது. அதனால அது மட்டும் இந்தக் கம்ப்யூட்டர்ல கிடக்கு. மத்தவியளுக்கது எல்லாம் நேரா ஃபிளாப்பியில போட்டு, உங்க கம்பெனி டவுன் ஆபீஸ்ல வேலை பாக்க ஷிபு கையில குடுத்தாச்சு. தோ, திறந்திட்டேன். இங்க பாருங்க. "டிஸ்பென்சரியின் பூட்டு துருப்பிடித்துவிட்டது ஐயா." இருக்கே! "என் மகள் லீலாபாய்க்கு வலி வந்தபோது ஜீப் கேட்டோம்." இருக்கே! எல்லாம் இருக்குதே அக்கா!

— எங்க? எனக்கு மறுபடி அந்தக் கும்பிடுதானே தெரியுது?

— கட்டத்துக்க வலத்து ஓரத்துல சின்ன அம்பு இருக்கு பாருங்க. மௌஸை வச்சு இதை அமுக்கினா உள்ள இருக்க எழுத்து மேல ஏறும். பாத்தியளா? ஏறுது, ஏறுது...

— ஏறுது. செரி. அந்தத் தாள்ல எங்க இருக்கு அம்பு?

— தாள்லயா?

— ஆபீசரு கையில தாளுல்லா இருக்கு பிள்ள. அவரு எதை அமுக்குவாரு?

— சவம்! ஒரு நிமிசம். இப்பவே ஒரு பிரிண்ட் எடுத்துப் பாக்கியேன்... வாறது, வாறது... சவமே, சவமே. நாலு வரி. நாலே நாலு வரி.

— நீ இதுக்கு முன்னால பிரிண்டு எடுத்துப் பாக்கலையா?

— எடுக்கல்ல அக்கா. கம்பெனி டவுன் ஆபீஸ்ல அவியளே எடுத்துக்கிடுவோம்னு ஷிபு ஃபிளாப்பியை வாங்கிட்டுப் போனான். நான் கண்டது முழுக்க இந்த ஸ்கிரீன்தான். இதுல நகருதுல்லா, அதனால எல்லாம் இருக்குன்னு நினைச்சிட்டேன். பிரிண்டருக்கு அம்பும் தெரியாது, நகத்தவும் தெரியாது. அது கண்ணுக்கு முன்னால நிக்கித நாலு வரியைப் படம் பிடிச்ச மாதிரி அடிச்சிட்டுப் போவும்.

— எதுக்கு இப்பிடி ஒரு கட்டத்தைச் செஞ்ச?

— எனக்கு என்ன ஆசையா? முதல்ல நான் வச்சது சாதாக் கட்டம்தான். அடிக்க அடிக்க வளரும். வளந்து, கீழ இருக்க ஒப்பு, தேதி எல்லாத்தையும் அடுத்த தாளுக்குத் தள்ளிட்டுது. ஷிபுக்க கம்பெனி சாரு திருப்பி அனுப்பினாரு. ஒரு ஆளுக்கு ஒரு தாளு, கட்டம் அனங்கப்பிடாது, வளரப்பிடாது, ஒப்பு இருந்த இடத்துலயே இருக்கணும். நான் எழுத்தைச் சின்னதாக்கிப் பாத்தேன். கண்ணு தெரியலன்னு மறுபடியும் திருப்பி விட்டாரு. பொறவுதான் வேர்டுல இந்தப் பெட்டியைத் தேடிப் பிடிச்சேன். பலவரின்னு ஒரு இடத்துல மாத்தி, பக்கத்துல நகத்துத பட்டையைச் சேத்தேன். கட்டம் இம்மி அனங்கல்ல. எவ்வளவு அடிச்சாலும் உள்ள வாங்கிட்டே இருந்துது. எனக்கு அன்னைக்கு என்னா சந்தோசம்! வீட்டுல போய் அம்மைட்ட வேற பெருமை அடிச்சேன்.

— சொல்லுததை எல்லாம் உள்ள வாங்கிக்கிடும், ஒண்ணையும் வெளிய விடாது. எங்க மானேஜரை அப்பிடியே பொட்டியில அடைச்சிருக்கே.

— சிரிக்காதிய அக்கா. தப்பு எனக்கது. நானே செரியாக்கித் தாறேன். ஒரு வழி இருக்கு. இந்தக் கனம் பொருந்திய, சமூகத்துக்கு, கிருபை, தயவு, சுகம் எல்லாத்தையும் எடுத்திடுவோம். கட்டம் நாலு வரி கொள்ளும். நாலு வரியில சுருக்கமா விசயத்தை மட்டும்...

— எடுக்கப்படாது.

— அக்கா, அதுதானே இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு.

— அடைக்கட்டும். ஒரு பெரிய ஆபீசரு முன்னால போய் நிக்கோம். எடுத்த எடுப்புல "எனக்கு அது இல்ல, இது இல்ல"ன்னு கையை நீட்டுனா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாரு? மலையில கெடந்து கெடந்து மட்டு மரியாதை மறந்து போச்சுன்னு நினைக்க மாட்டாரா? எங்க அப்பா செத்த சேதியே கடுதாசியிலதான் வந்துச்சு. "இங்கு யாவரும் சுகம், அங்கு உங்கள் சுகத்துக்கு எழுதவும்"னுதான் அதுவும் ஆரம்பிச்சுது. அதுக்குப் பெறவுதான் செத்த சேதி. அதுதான் முறை.

— யாவரும் சுகம், அப்பா மட்டும் செத்துட்டாரா?

— உனக்குக் கேலியா இருக்கு. கும்பிடு இல்லாம நான் எழுத மாட்டேன். வெட்டுதுன்னா வேற எதையாவது வெட்டு.

— வேற எதை வெட்ட? நீங்களே சொல்லுங்க. வாசிக்கியேன். "ஜீப் கொழுந்து ஏற்றப் போயிருக்கிறது, கொழுந்தை இறக்கிவிட்டு வரட்டும் என்றார்கள்." இதை வெட்டவா?

— அதை எப்பிடி வெட்ட.

— "கொண்டை ஊசி வளைவில் ஜீப்பிலேயே பிள்ளை பிறந்தது. அழவில்லை. கம்பவுண்டர் இருந்திருந்தால் காலைப் பிடித்துத் தட்டி அழ வைத்திருப்பார். முன்பு மாடம்மாளின் பிள்ளையை அப்படித்தான் அழ வைத்தார்." இதையா?

— வேண்டாம்.

— "இப்போது என் இளைய மகள் சுசீலாபாய் மாசமாயிருக்கிறாள் ஐயா. அவளையும் அந்த ஜீப்பில் ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை." இதை?

— போதும் பிள்ள. நிறுத்து.

— அக்கா... சுசீலாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்களேன். பெத்து எந்திரிக்கது வரைக்கும் இங்க இருக்கட்டும். அம்மையும் இருக்கா. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்.

— உன் மனசு நல்லா இருக்கட்டும். இவளைக் கொண்டாந்து விட்டுரலாம். அடுத்தவ வீட்டு மருமவளை? பாம்பு கடிச்சவனை? அட்டை கடிச்ச எடம் புழுத்துப் போய் காய்ச்சல்ல கெடக்க கெழவியை? அத்தனை பேரையும் உன் வீட்டுக்கா கூட்டியார முடியும்? எனக்கு அந்தப் பூட்டு தொறக்கணும். அதுக்குத்தான் ரெண்டு நாள் கூலியை விட்டுட்டு எறங்கியிருக்கேன். தொறக்காம மலை ஏற மாட்டேன்.

— செரி. அப்பிடின்னா உங்களுக்க வார்த்தையில ஒண்ணும் வெட்டண்டாம். கட்டத்தை வெட்டுவோம்.

— இதே ஃபாரம்னு சொல்லிருக்காரே?

— இதே ஃபாரம்தான். அதே தலைப்பு, அதே நம்பரு, அதே கேள்வி. இந்த இழவெடுத்த பெட்டி மட்டும் வெளிய போவுது. அது இருந்த எடத்துல பழையபடி சாதாக் கட்டம். இங்க பாருங்க, உயரத்துக்கு ரெண்டு வழி இருக்கு. "இவ்வளவேதான்"னு வச்சா அந்த உயரத்துக்கு மேல இருக்கது வெளிய தெரியாது. "குறைஞ்சது இவ்வளவு"ன்னு வச்சா உள்ள வாறதுக்குத் தக்க வளந்து குடுக்கும். தாளு ரெண்டாவும். ஆவட்டும்.

— ஆவட்டும். நீ செய்யி. ஆனா என் ஒருத்தி தாளு போதாது. மத்தவளுக எல்லாம் அந்த ஆபீஸ் வாசல்ல பொட்டலத்தை அவுத்து வச்சுக்கிட்டு, தின்னவும் மனசில்லாம உக்காந்திருக்காளுக. அவளுக சொன்னதும் வேணும்.

— அதுதான் இடிக்குது. அதெல்லாம் ஃபிளாப்பியில, ஷிபுக்க கையில. அவியளை மறுபடி இங்க வரச்சொல்லிச் சொல்லச்சொல்லி அடிக்கதுக்கு நேரம் காணாது. நான் போன் போட்டு... ஆரு வாறது அது?

— ரெம்யா சேச்சி! ஒரு அவசரம் உண்டு. இந்த ஃபிளாப்பியில உள்ளதெல்லாம் ஒரு செட்டு கூடி பிரிண்ட் எடுத்துத் தரணும். ஆபீஸ் பிரிண்டர்ல மை தீர்ந்து போச்சு. ஓ, தாசம்மாக்காவும் இங்க உண்டா? சாப்பிட்டாச்சா?

— வா ஷிபு. உனக்கு நூறு ஆயுசு. எதுக்கு இன்னொரு செட்டு?

— வக்கீல் சாருக்கு. சாருக்கு இந்தத் தாளுக ரொம்ப இஷ்டமாயிப் போச்சு சேச்சி. மத்தியானம் ஆபீசர் கையில தனியா ஒரு கெட்டு கொடுக்கப் போறாரு. சுவப்பு நாடா எல்லாம் வாங்கி வச்சாச்சு.

— தனிக் கெட்டா? எதுக்காம்?

— அதுக்கு மேல சாரு ஒரு தாளு எழுதி வச்சிருக்கு. தொழிலாளிகள் எல்லாரும் அவங்க அவங்க ஒப்புப் போட்டு, சுகமா இருக்கோம், கம்பெனி தயவு உண்டுன்னு சொல்லிருக்காங்க, அதனால டிஸ்பென்சரிக்கு இனி ஆவசியம் இல்லைன்னு. இதைவிட நல்ல சாட்சி வேற எங்க கிட்டும்னு சாரு ஒரே சிரிப்பு. எந்தா அக்கா, முகம் அப்படிப் போகுது? நான் ஏதும் தப்பாச் சொன்னேனா?

— எங்க கும்பிட்டை எடுத்தே எங்க வாயைக் கட்டுதாங்களா?

— ஷிபு, நீ அந்தத் தாளுகளை வாசிச்சியா?

— நான் எப்படி வாசிப்பேன் சேச்சி? நம்ம வீட்டுல பேசறது தமிழு. படிச்சது முழுக்க மலையாளம் மீடியம். தமிழெழுத்து எனக்குக் கோழி கிளறின மாதிரி. பிரிண்ட் எடுத்தேன், மேல கொண்டு போனேன், காலையில பேரு கூப்பிடற மஸ்டர்ல வச்சு ஒப்பு வாங்கினேன். அவ்வளவுதான் என் ஜோலி.

— மஸ்டர்ல பனி கண்ணை மறைக்கி, கூடையை முதுகுல போட்டுக்கிட்டு வரிசையில நிக்கோம். தாளோட அடியில மட்டும் காட்டி இங்க வைங்க, இங்க வைங்கன்ன. நீ கொண்டாந்ததுன்னு நானும் மேல பாக்கல. உன்னையக் குத்தம் சொல்லல ஐயா. ஆனா உன் கையில இருக்க அந்த ஃபிளாப்பி எங்களுக்கு வேணும்.

— அதுல உள்ளதுதானே அக்கா பிரிண்ட் எடுக்கப் போறோம்.

— ஒளிச்சு மறைச்சுச் செய்ய மாட்டேன் ஷிபு, உனக்கு நேராச் சொல்லியேன். நான் போட்ட கட்டத்துல ஒரு கெடுதல் இருக்கு. நாலு வரிக்குக் கீழ இருக்கது தாள்ல வராது. இந்த ஃபிளாப்பியில அத்தனை பேருக்க குறையும் முழுசா இருக்கு. அதை எடுத்துப் புதுக் கட்டத்துல போட்டு, முழுசா அடிச்சு, அக்கா கையில குடுக்கப் போறேன்.

— அய்யோ, அது பற்றாது, முடியாது சேச்சி! ஃபாரம் ஆபீஸ்ல பாஸ் பண்ணினது. பூட்டி வச்சது. பாஸ்வேர்டு கம்பெனி சாருட்ட மாத்திரம்தான் உண்டு.

— உங்க பூட்டை நான் எதுக்கு உடைக்கணும்? பூட்டுக்கு உள்ள நின்னுக்கிட்டே பெட்டியில இருக்கதை மொத்தமாப் புடிச்சு அள்ளிட்டு வரலாம். ஃபாரம் நான் புதுசாப் போட்டாச்சு.

— ரெண்டு தாளு வரும். ஒரு ஆளுக்கு ஒரு தாளுன்னு சாரு பறஞ்சிருக்கு.

— சாரு ஒரு தாளுன்னாரு. ஆபீசரு ஒரு தாளுன்னு சொல்லல. நான் கேட்டேன்லா, காதால.

— ஃபிளாப்பியை இங்க தா சேச்சி. எனக்கு ஜோலி போகும். சத்தியமாட்டு போகும். நான் வேற கடையில எடுத்துக்கறேன்.

— தாறேன். உனக்கது, புடிச்சு வச்சுக்கிட மாட்டேன். ஒரே ஒரு தாளை மட்டும் திறந்து வாசிக்கியேன், கேட்டுட்டு எடுத்துட்டுப் போ. ஆருக்கதை வாசிக்கட்டு? நீயே சொல்லு.

— வேண்டாம் சேச்சி. நேரம் இல்ல.

— முத்தாரம்மாளுக்கதை வாசிக்கட்டா? மேல போனா நீ ஆரு வீட்டுல கட்டன்சாயா குடிப்ப?

— முத்தாரம்மாக்கா வீட்டுலதான்... செரி. வேகம் வாசி.

— நாலு வரி கும்பிடு. அதை விட்டுடுதேன். கீழ நகத்துதேன், பாத்துக்கோ. "என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. மாத்திரை வாங்க விதுராவுக்கு இறங்கி ஏறினால் அன்றைய கூலி போய்விடும். கூலிக்காக மாத்திரையை விட்டோம். இப்போது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள்."

— மகாராஜா அண்ணனுக்கா? நான் போனப்ப கம்பளிக்குள்ள காலை வச்சு இருந்துச்சு. தணுப்புக்குன்னு நினைச்சேன்.

— இன்னும் இருக்கு. "டவுன் ஆபீசிலிருந்து ஷிபு வந்து, உள்ளதை எல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள் அம்மா, ஆபீசர் வாசித்தால் கம்பவுண்டர் வருவார் என்று சொன்னான். அவன் என் கையால் சாயா குடிக்கிற பிள்ளை. பொய் சொல்ல மாட்டான். அவன் சொல்லை நம்பித்தான் இத்தனையும் சொல்லிப் பெருவிரல் வைக்கிறேன்."

— அப்படியா எழுதியிருக்கு?

— அந்த அம்மா சொன்னதை அப்பிடியே அடிச்சிருக்கேன்.

— என் பேரு உண்டா அதுல? எங்க, என் பேரைக் காட்டு.

— இதா. ஷி, பு. பாத்தாச்சா? இந்தா ஷிபு ஃபிளாப்பி. எடுத்துக்கோ.

— அது அங்கயே இருக்கட்டும் சேச்சி.

— ஜோலி?

— போனா நம்ம சாலையில ஏதாவது கடையில மூட்டை தூக்குவேன். ஒரு செட்டு பிரிண்ட் எடுத்துட்டு வான்னு சாரு பறஞ்சாரு. ஒரு செட்டு எடுக்கறேன். முழுசா எடுக்கறேன். ஏன்டான்னு கேட்டா, உள்ளதுதானே சார் எடுத்தேன்னு சொல்லுவேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது, தமிழு வாசிக்கவும் தெரியாது.

— இவன் நல்லாப் பொழச்சுக்கிடுவான்.

— அக்கா, தாளை எல்லாம் நானே அடுக்கிப் பின் அடிக்கறேன். ஆட்டோ பிடிச்சு அங்க கொண்டாந்து இறக்கி விடுவேன். ஆனா ஆபீஸ் வாசல்ல நான் உங்க கூட வர்றதைச் சாரு பாக்கக் கூடாது.

— நீ கொண்டு விட்டாப் போதும் ஐயா. வாசல்ல வச்சே எல்லாரும் ஒப்புப் போட்டுருவோம். உள்ள போக எனக்குக் காலு இருக்கு.

— ரெண்டு பேரும் பேச்சை விட்டுட்டு வேலையைப் பாருங்க. ஷிபு, நீ ஒவ்வொரு பேராச் சொல்லு, நான் திறந்து, அள்ளி, ஒட்டி, பிரிண்ட் குடுக்கியேன். வாறதை எடுத்து விசிறியில காட்டு, மை ஈரம். ரெண்டு தாளும் ஒரே ஆளுக்கதுதானான்னு பாத்துப் பின் அடி. முதல்ல மாடம்மாள்...

— மாடம்மாள், ஓகே. வந்தாச்சு. ரெண்டு தாளு. அம்மோ, இது மூணு தாளு!

— மாடம்மா பேசுனா மூணு தாளுக்குக் கொறையுமா? அவ மாமியாரைப் பத்தியும் சேத்துச் சொல்லிருப்பா.

— ஒரு தாளு நிறைய அதுதான் அக்கா. எடுத்திடட்டா?

— வேண்டாம். அவ சொன்னது அவளுக்கு. அதுல கை வைக்க நாம ஆரு? கெடக்கட்டும், ஆபீசரு மாமியாரைப் பத்தியும் தெரிஞ்சுக்கிடட்டும்.

— அடுத்தது முத்தாரம்மாள். பொறவு திரவியம் சித்திக்கது. ஷிபு, தாளு தீரப் போவுது, அந்த அலமாரியில கல்யாணக் குறி, பத்திரிகை அடிக்க வச்சிருக்க தாளு இருக்கு, அதை எடு.

— இதுவா? நல்ல கட்டியா, வெண்ணெய் மாதிரி இருக்கு சேச்சி.

— இருக்கட்டும். நல்ல தாள்லயே போவட்டு. கல்யாண வீட்டுக்காரன் நாளைக்கு வந்து கத்தட்டும், நான் பாத்துக்கிடுதேன்.

— எங்க லயத்துக்காரி கடுதாசி கல்யாணத் தாள்லயா! முத்தாரம்மா பாத்தா மயங்கி விழுந்துருவா.

— எல்லாருக்கதும் ஆச்சு. இனி உங்களுக்கது அக்கா. எதுக்கும் கடைசியா வச்சேன், நிதானமாப் பாக்கணும்னுட்டு. இதா, ஸ்கிரீன்ல பாருங்க. ஒரு எழுத்து குறையல்ல. கனம் பொருந்திய, தாழ்மையோடு, கிருபை, தயவு, அறிய ஆவலாயிருக்கிறோம், எல்லாம் முழுசா நிக்குது. அதுக்குக் கீழ விசயம். ஒப்பு ரெண்டாம் தாள்ல. பெட்டி இல்ல, அம்பு இல்ல. கண்ணுக்குத் தெரியித அவ்வளவும் தாள்ல வரும். பிரிண்ட் குடுக்கட்டா?

— நில்லு.

— என்னக்கா? இனி இடத்துக்குக் குறைச்சலே இல்லியே.

— அக்கா, நேரம் போகுது. ஆட்டோ கிட்டணும்.

— ஒரு நிமிசம் ஐயா. ரெம்யா, இந்தத் தாளுகள்ல எதை எல்லாத்துக்கும் மேல வச்சுப் பின் அடிக்கப் போறிய?

— உங்களுக்கதைத்தான். நீங்கதானே எல்லாருக்கும் முன்னால நிக்கப் போறிய.

— அப்ப ஆபீசரு கண்ணு முதல்ல விழுகது எந் தாள்ல. எம் பேத்தி அழலைன்னு சொன்னேனே, அது எங்க கெடக்கு?

— நடுவுல, முதல் தாளு முடியித இடத்துல. ஏன்?

— அதை அங்கயிருந்து எடுத்து முதல் வரியாப் போடு. கும்பிடு, சுகம், தயவு அவ்வளவையும் அடியில கொண்டு தள்ளு. அது வேணும்னா அவங்க தேடிப் போய் வாசிச்சிக்கிடட்டும்.